கைமாறிய வயிறு

தவமணியின் வயிறு முதன்முதலாகக் கைமாறியது அரசு ஆஸ்பத்திரி வாசலில், இளநீர் வண்டிக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் நடுவே, கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கிற ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில். இளநீர்க்காரர் அதைப் பார்த்தார், ஆட்டோக்காரர்களும் பார்த்தார்கள், ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவரவருக்கு அவரவர் பாடு இருந்தது, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் எதையாவது நீட்டி, கொஞ்சம் பிடி, இதோ வந்துடறேன் என்று சொல்வது அந்த வாசலில் தினமும் நடக்கிற காரியம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தவமணி பைபாஸ் ரோட்டில் தொழில் செய்கிறவள். லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால், தகரம் வெட்டுகிற சத்தமும் வெல்டிங் வெளிச்சமும் நாளெல்லாம் வந்து விழுகிற ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள். அதற்கு முந்தியும் ஒரு தடவை அவள் வயிற்றில் குழந்தை இருந்தது. வலி கண்டு அவள் இதே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது புருஷன் பேர் என்ன என்று கேட்டார்கள், பக்கத்திலிருந்த யாரோ ஒருத்தி "இது பைபாஸ் கேசு" என்றாள், அதோடு அவளைப் பிரசவ அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார வைத்து, ரத்தம் பார்த்து ரிசல்ட் வரட்டும் என்று சொல்லிவிட்டு எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். ரிசல்ட்டுக்கு முன்னால் குழந்தை வந்தது, பெஞ்சிலேயே வந்தது, வந்து அழாமலே போய்விட்டது. அன்றிலிருந்து அவள் கால் அந்த வாசலைத் தாண்டாது. வெள்ளைப்பட்டாலும், அடிவயிறு சுருட்டிப் பிடித்தாலும், நாள் தள்ளிப்போனாலும், மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்தி வாங்குகிற மாத்திரைதான் அவளுக்கு வைத்தியம். மாசாமாசம் ஒரு வண்டி லைன் வீட்டு வாசலுக்கே வந்து ஆணுறைகளைப் பெட்டியோடு கொடுத்து, நோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தமும் எடுத்துக்கொண்டு போகும், ஆனால் அந்த வண்டியில் வருகிற பெண் அவளிடம் கடைசியாக எப்போது தூரமானாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை, அது அந்த வண்டியின் வேலையில் சேராது.

இப்போது மறுபடியும் குழந்தை. யாருது என்று கேட்டவர்களுக்கு "என்னுது" என்றாள், அதற்குமேல் சொல்ல அவளுக்குச் சலிப்பாக இருந்தது. இந்தக் குழந்தை அழ வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு ஜெசிந்தாதான் அவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தாள். ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, அவளும் அதே தொழில்தான், ஆனால் அவள் கழுத்தில் கிடந்த தாலி நிஜத் தாலி, கட்டினவன் நிஜமாகவே ஒரு லாரி டிரைவர், எப்போதாவது குஜராத்திலிருந்து இறங்கி வந்து ஒரு நாள் தூங்கிவிட்டுப் போவான்.

"ஏட்டி, உள்ள வா. டோக்கன் முடிஞ்சிரும்."

"முடியல ஜெசி. கால் வரமாட்டீங்குது."

"பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்த? நா போயி என் வயித்தக் காட்டிட்டு வரட்டா? என் வயித்துல ரெண்டு இட்லிதான் கெடக்கு."

"அப்ப நீ இதக் கொண்டு போ," என்றாள் தவமணி, சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் வயிற்றின் அடியில் கொடுத்து, இடுப்புப் பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றுகிறவளைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து தூக்கிக் கொடுத்தாள், ஜெசிந்தாவும் பழக்க தோஷத்தில் கையை நீட்டி வாங்கிவிட்டாள். வயிறு போனது. தவமணியின் சேலை முன்னால் தொளதொளவென்று தொங்கியது, ஜெசிந்தாவின் கொசுவம் தூக்கிக்கொண்டு நின்றது.

"யம்மாடி, என்னா கனம்," என்றாள் ஜெசிந்தா, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே அவளை உட்காரச் சொன்னார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்னார்கள். குணவதி என்கிற நர்ஸ், கர்ப்பிணிகளைப் பார்க்கிறவர், ஜெசிந்தாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பிரஷர் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கூம்பு மாதிரி ஒன்றை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார், பிறகு ஒரு மெஷினை வைத்து அவளுக்கும் கேட்கக் காட்டினார். எல்லாம் நார்மல், இரும்புச்சத்து மாத்திரை மட்டும் விடாமல் சாப்பிடுங்கம்மா என்றார். சாப்பிடுங்கம்மா. அந்தச் சொல்லை ஜெசிந்தா ஆட்டோவில் திரும்புகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"குதிர ஓடுற மாதிரி கேக்குதுட்டி, டக்கு டக்கு டக்குனு. நீ கேட்டிருக்கணும்."

தவமணி வயிற்றைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மெஷின் இல்லாமல் கேட்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஆட்டோ சத்தம்தான் கேட்டது.

அப்படித்தான் அது ஆரம்பித்தது, ஆரம்பித்த பிறகு அதற்கென்று ஒரு நடைமுறை வந்துவிட்டது. லைன் வீட்டில் மூத்தவள் பேபி அக்கா. வெகு நாளைக்கு முன்னால் கருவைக் கலைக்கப் போன இடத்தில், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கர்ப்பப்பைக் குழாயையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள், அதற்கப்புறம் அவள் பிள்ளை என்ற பேச்சையே எடுத்ததில்லை. அவள்தான் சட்டம் போட்டாள். ஆஸ்பத்திரி நாளுக்கு வயிறு ஜெசிந்தாவுக்கு. மற்ற நாளில் கேட்கிறவர்களுக்கு முறை வைத்து. விளக்கு வைப்பதற்குள் உடையவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். வயிறு யாரிடம் இருக்கிறதோ அவளுக்குக் குழாயில் முதல் குடம்.

சந்தை நாளில் பேபி அக்கா வயிற்றை வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனாள், கண்டக்டர் ஒரு கல்லூரிப் பையனை எழுப்பிவிட்டு "உக்காருங்கம்மா" என்றார், தக்காளிக்காரி கேட்காமலே ஒரு கை கொத்தமல்லியைக் கூடப் போட்டாள், பேபி அக்கா வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து கொத்தமல்லியை முகர்ந்து முகர்ந்து பார்த்தாளே தவிர சமைக்கவில்லை. பட்டறை ஆட்கள் முதலில் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள், பிறகு "இன்னைக்கு யார்கிட்டக்கா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள், தகர ஷீட் தூக்கும்போது மட்டும் வயிறு தாண்டிப் போகும்வரை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்காரர் இதற்கு வாடகை ஏற்றலாமா என்று யோசித்து, எந்த வீட்டுக்கு ஏற்றுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். ரோந்து வருகிற ஏட்டையா முந்தின நாள் ஒருத்தியிடம் பார்த்த வயிற்றை மறுநாள் இன்னொருத்தியிடம் பார்த்துவிட்டு, "எதுவா இருந்தாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டையும் வந்தது. யார் முறை, யார் அதிக நேரம் வைத்திருந்தாள், யார் வயிற்றோடு சீரியல் பார்த்துக் குழந்தையைத் தூங்கவிடாமல் செய்தாள் என்றெல்லாம் வந்தது.

இதில் தவமணிக்கு மட்டும் ஒரு கஷ்டம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வயிறு இருந்தால்தானே வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல முடியும். வயிறு பக்கத்து வீட்டில் இருக்கிறது, அவள் தட்டையாக, சும்மா, கையை வீசிக்கொண்டு இருக்கிறாள், லாரிகள் நிற்கின்றன, அரிசி வாங்க வேண்டும். ஆகவே அவள் பைபாஸில் போய் நின்றாள், வெயிலில் நின்றாள், புழுதியில் நின்றாள், நின்றுவிட்டு வந்து வயிற்றை வாங்கி மாட்டிக்கொண்டு, அதற்கு அவரவர் வீட்டில் நடந்த கதையை அவர்கள் சொல்லக் கேட்டாள். உதைத்ததாம். விக்கல் எடுத்ததாம். அவளிடம் வரும்போது குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருக்கும்.

கால் வீங்கியது. நிற்கிற கால்தானே என்று விட்டாள். தலை வலித்தது, வெயிலென்று விட்டாள். பிறகு கண்ணுக்கு முன்னால் வெல்டிங் பொறி மாதிரி ஏதோ பறந்தது, பட்டறைக்குப் பின்னால் குடியிருந்தால் பொறி பறக்காமல் என்ன செய்யும் என்று அதையும் விட்டாள்.

அதைப் பார்த்தது பேபி அக்காதான். ஒரு மத்தியானம், வயிறு பேபி அக்காவிடம் இருந்தது, அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், எதிரில் தவமணி செருப்பைக் காலில் நுழைக்க முடியாமல் நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, இங்க வா. அந்தக் காலக் காட்டு." விரலால் அழுத்தினாள், அழுத்தின இடம் குழியாகி அப்படியே நின்றது. பேபி அக்கா தன் காலைப் பார்த்தாள். விறகுக்குச்சி மாதிரி இருந்தது. "வயிறு எங்கிட்ட இருக்குது. வீக்கம் உங்கிட்ட இருக்குதே?"

"நின்னுட்டே இருந்தனுங்க்கா."

"மூஞ்சியுமா நின்னுட்டிருந்துச்சு? ஜெசிந்தா! ஏ ஜெசிந்தா! ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?"

ஜெசிந்தா உலை வைத்த கையோடு வந்தாள். "எல்லாம் நார்மல்னாவ. போன வாரமுந்தான். பிரஷர் நார்மல், சர்க்கர நார்மல், ரத்தம் சூப்பரா இருக்குன்னாவ."

"யாருக்கு?"

ஜெசிந்தா தன் கையைப் பார்த்தாள். இத்தனை மாசமும் பட்டையைச் சுற்றினது ஜெசிந்தாவின் கையில். ஊசி போட்டு ரத்தம் எடுத்தது ஜெசிந்தாவின் நரம்பில். இரும்புச்சத்து மாத்திரையை வயிறு யாரிடம் இருந்ததோ அவள் விழுங்கினாள். எல்லாருமாகச் சேர்ந்து, அத்தனை கவனமாக, அத்தனை ஆசையாக, வயிற்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தார்கள், வயிற்றுக்காரியை வாசலிலேயே விட்டுவிட்டார்கள், அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தோன்றவில்லை, தவமணிக்கே தோன்றவில்லை.

"நாந்தான் முட்டாச் சிறுக்கி," என்றாள் ஜெசிந்தா.

"எல்லாருந்தான். ஆட்டோவக் கூப்புடு," என்றாள் பேபி அக்கா.

ஆட்டோவில் ஏறும்போதே தவமணி வயிற்றை வாங்கிக்கொண்டாள். வாசலில் இறங்கியதும் ஜெசிந்தா வழக்கம்போல் கையை நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"குடுட்டி. நா உள்ள போயி பத்திரமாப் பெத்துக் கொண்டாறேன். என்னய அவுகளுக்குத் தெரியும். ஒனக்குப் பிள்ளதான வேணும்? நீ ஆட்டோலயே படுத்துக்க."

தவமணிக்கு அது சரியென்றுதான் பட்டது. தலை விண்விண்ணென்று தெறித்தது. கொடுத்துவிட்டு ஆட்டோவில் கண்ணை மூடிப் படுத்தால் போதுமென்று இருந்தது. அந்த பெஞ்சு இன்னும் உள்ளே அதே இடத்தில் இருக்கும்.

"குடுத்தீன்னா குழந்தை வெளிய வரும், நீ ஆட்டோவுலயே போய்ச் சேந்துருவ," என்றாள் பேபி அக்கா. "அப்புறம் அத யாரு வளப்பா? நானா? எனக்கு முட்டி வலி. நட."

அவள் நடந்தாள். கால் வந்தது, தூக்கி வைக்க முடியாத கனத்தோடு, மணல் மூட்டையை இழுப்பதுபோல வந்தது, ஆனாலும் வந்தது.

குணவதி நர்ஸ் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசையில் ஒரு நாளைக்கு எத்தனையோ வயிறு பார்க்கிறவர், அவருக்குக் கைதான் கண். தவமணியைப் படுக்கச் சொல்லிவிட்டு, கையை வைத்ததுமே அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஜெசிந்தா வயிறு. இந்தப் பக்கம்தானே எப்பவும் கால வெச்சு நெம்புவான், கள்ளப்பய." அப்புறம்தான் நிமிர்ந்தார். "நீ யாரு?"

"நாந்தானுங்க அம்மா. இதுக்கு."

பெஞ்சிலிருந்து ஒரு குரல் "பைபாஸு" என்றது. நர்ஸ் கையை எடுத்துவிட்டார், எடுத்த கையை ஏப்ரனில் துடைத்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார், பேபி அக்காவைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் எத்தனையோ பார்த்தவர், இது அவருக்கு ஆச்சரியமாக இல்லை, வேலை கூடுகிறதே என்ற அலுப்புதான் வந்தது.

"சரி, அவகிட்டக் குடுத்துரு. அவளுக்கு எல்லாம் பாத்து வெச்சிருக்கு, டாக்டர் வந்ததும் எடுத்துரலாம். குழந்தை நல்லா இருக்கணுமா வேண்டாமா?"

"அப்ப எனக்குங்க?"

"உனக்கு என்ன? வயித்தக் குடுத்துட்டா நீ கர்ப்பிணி இல்லையே. நாளைக்கு வந்து பொது வரிசைல சீட்டு எடு. இன்னிக்கு நேரம் முடிஞ்சுது."

தவமணி இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். அவள் சத்தம் போடவில்லை, சத்தம் போடத் தெம்பில்லை, பக்கத்துக் கட்டில்காரியிடம் தண்ணீர் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"குடுக்க மாட்டனுங்க. இது எங்கிட்ட இருக்கற வரைக்குந்தானுங்க நீங்க என்னயத் தொடுவீங்க."

"பைத்தியமா நீ? ஏம்மா ஜெசிந்தா, நீ வாங்கு."

அப்போது தவமணிக்குக் கண்ணில் பொறி பறந்தது, அறை முழுக்கப் பறந்தது, பிடி நழுவியது, வயிறு தன் பழக்கத்தில் யார் கை நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் சரியத் தொடங்கியது. ஜெசிந்தா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே கட்டிக்கொண்டாள், அவளுக்கு அந்த வயிறு வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். பேபி அக்காவும் கட்டிக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே அவரவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அந்த அறையில் முன்னால் நீண்டிருந்த கை, வாங்கு என்று ஜெசிந்தாவைக் காட்டின நர்ஸுடையது ஒன்றுதான். வயிறு அவர் பக்கம் வந்தது. ஓய்வு பெறப் போகிற வயதில், வெள்ளைப் புடவையில், கணவனும் பேரப்பிள்ளைகளும் உள்ள குணவதி நர்ஸ், அது தன் இடுப்பைத் தொடுகிற தூரத்துக்கு வந்ததும், "ஐயோ" என்று ஒரு எட்டு முன்னால் வந்து, அதைத் தாங்கி, தவமணியின் மேலேயே வைத்து, விழாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் தவமணியின் முகம் அவருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வீங்கின முகம். இமை தடித்த முகம்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"தெரியலிங்க."

"தல வலிக்குதா?"

"அது எப்பவுமேங்க."

நர்ஸ் பட்டையை எடுத்து தவமணியின் கையில் சுற்றினார். காற்றடித்தார், பாதரசம் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, நர்ஸ் மறுபடி அடித்துப் பார்த்தார், பிறகு கர்ப்பிணிகள், காத்திருப்பவர்கள், பெருக்குகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க "டாக்டர்!" என்று கத்தினார், கத்திக்கொண்டே தள்ளுகட்டிலை அவரே இழுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் நடக்கிறதுதான். புருஷன் எங்கே என்றார்கள், நாங்க இருக்கோம் என்றாள் பேபி அக்கா. ஒன்றுக்கு மேல் ஒன்றாக ரெண்டு கையுறை போட்டுக்கொண்டு தொட்டார்கள், ஆனாலும் தொட்டார்கள். வயிற்றைத் திறக்கும்போது அப்படியே குழாயையும் கட்டிவிடலாமா என்று யாரோ யாரையோ கேட்டது வெளியே வரைக்கும் கேட்டது, பேபி அக்கா கதவை உள்ளங்கையால் அறைந்து "அவளக் கேளுங்க! அவளுக்கு வாய் இருக்குது, அவளக் கேளுங்க!" என்று கத்தினாள், செக்யூரிட்டி வந்து அவளை இழுத்துக்கொண்டு போகிறவரை கத்தினாள். உள்ளே, முகத்துக்கு மேலே குனிந்த ஒரு பச்சைத் தொப்பி, "கட்டலாமாம்மா?" என்று கேட்டது. தவமணி யோசித்தாள். யோசிக்க அவளுக்கு நேரம் கொடுத்தார்கள். "இப்ப வேண்டாங்க," என்றாள்.

குழந்தை அழுதது. பெண். குணவதி நர்ஸ் பையன் என்று நினைத்திருந்தார்.

வார்டில் அவளுக்குக் கொடுத்த கட்டில் கக்கூசுக்குப் பக்கத்தில், கடைசியில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் மறைப்புக்கு ஒரு சேலையைக் கட்டினாள். ஜெசிந்தா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள், உள்ளே வந்து குழந்தையைத் தூக்கு என்று தவமணி சொன்னபோது, "கை சில்லுனு இருக்குட்டி, பெறகு தூக்குதேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை குணவதி நர்ஸ் கட்டில் கட்டிலாக வந்தார். துணியை விலக்கிக் குழந்தையின் தொப்புளைப் பார்த்தார், பால் குடிக்குதா என்றார், நிறத்தைப் பார்த்தார், துணியை மூடிவிட்டு நகர்ந்தார், கக்கூசைத் தாண்டிக் கதவு வரைக்கும் போய்விட்டார். கதவில் கை வைத்தபடி கொஞ்சம் நின்றார். திரும்பி வந்தார்.

"கையக் குடு," என்றார். "குழந்தை கைய இல்ல. உன்னுது."

பட்டை இறுகியது, தளர்ந்தது. "இன்னும் எறங்கல. நீ இப்ப எங்கயும் போக வேண்டாம். இரு."

தள்ளு, எழுந்திரு, போ, அந்தப் பக்கம் நில் என்று கேட்டே பழகின தவமணிக்கு அந்தக் கடைசிச் சொல் விளங்கச் சற்று நேரமானது. அவளுக்குச் சந்தோஷமாகவோ வருத்தமாகவோ இல்லை, அதற்கெல்லாம் பிறகு நேரம் இருக்கிறது என்று பட்டது, தூக்கம் மட்டும் வந்தது. நர்ஸ் பட்டையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் குழந்தை மூக்கைச் சுருக்கி அழத் தொடங்கியது, ஊரெல்லாம் கேட்கிற அழுகை. தவமணி ஒரு கையால் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பட்டைக்கு நீட்டின இன்னொரு கை, மடக்க மறந்துபோய், கட்டிலுக்கு வெளியே அப்படியே நீண்டு கிடந்தது.